கோழி வாங்கியாச்சு, இனி எலி வரும்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

பர்மாவில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வளர்ப்பது புதிய விஷயமே இல்லை. ரங்கூன் ஓரத்து வட்டாரங்களில் தொடங்கி பெகு, தட்டோன், மோல்மேன் வரைக்கும் நம் ஆட்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மூங்கில் கூண்டு எப்படியும் இருக்கும். ஆனால் நகரத்திலேயே வளர்ந்து இப்போதுதான் முதல் முறையாகக் கோழி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து சீக்கிரமே வரும் கேள்வி ஒன்றுதான்: "எலிக்கு என்ன மருந்து வைக்கலாம்?"

மருந்து கடைசி. முதலில் பார்க்க வேண்டியது, ராத்திரி விளக்கணைத்த பிறகு உங்கள் வீட்டில் எலிக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது என்பது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை எலியைக் கொன்றாலும் பக்கத்துக் கொல்லையிலிருந்து அடுத்தது வந்து அதே பொந்தில் குடியேறும்.

இந்த நாட்டிலேயே இதற்குப் பெரிய அளவில் சான்று இருக்கிறது. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவை அழித்த பிறகு, விதையும் மாடும் இல்லாமல் ஆளுக்கொரு நேரத்தில் நட்டார்கள். ஒரு வயலில் அறுப்பு முடியும்போது பக்கத்து வயலில் கதிர் வந்தது. வழக்கமாகச் சில வாரம் மட்டும் கிடைக்கும் நெற்கதிர் எலிக்கு மாதக்கணக்கில் கிடைத்தது, 2009இல் டெல்டா முழுக்க எலி பெருகிப்போனது. சின் மாநிலத்திலும் இதே கதைதான், வேறு பயிரில். அங்கே ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒருமுறைதான் பூத்துக் காய்க்கும். 2006க்குப் பிறகு அது பூத்தபோது காயைத் தின்று பெருகிய எலிகள், காய் தீர்ந்ததும் மலைச்சரிவு வயல்களில் இறங்கி மக்களைப் பட்டினியில் தள்ளின. உங்கள் கூண்டில் சிந்திக் கிடக்கும் குருணையும் இதையேதான் செய்கிறது, சின்ன அளவில்.

வந்திருப்பது எது என்று பாருங்கள்

பொறி வாங்க ஓடுவதற்கு முன் இரண்டு ராத்திரி வேவு பார்க்க வேண்டும். சாயங்காலம் கூண்டைச் சுற்றியும் அடுக்களைச் சுவரோரமாகவும் மெல்லியதாகச் சாம்பலோ தவிடோ தூவிவையுங்கள் (தவிடு என்றால் கோழி அடைந்த பிறகு). காலையில் கால்தடம், வால் இழுத்த கோடு, எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போகிறது எல்லாம் தெரியும். தரையில் இருக்கும் பொந்துகளை எல்லாம் மண்ணாலோ காய்ந்த இலையாலோ லேசாக அடைத்துவிடுங்கள். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் ஆள் இருக்கிறது, மற்றவை பழைய வீடு.

சுண்டெலியின் புழுக்கை அரிசியைவிடச் சின்னதாக, இரு முனையும் கூராக இருக்கும். இது கட்டைவிரல் நுழையாத ஓட்டையிலும் நுழையும், பென்சில் போகிற இடுக்கு போதும். வீட்டெலி கூரையில் ஓடுவது, வால் உடம்பைவிட நீளம், தூண், கொடி, மின்கம்பி எதில் வேண்டுமானாலும் ஏறும். ஓலைக் கூரையும் மூங்கில் தட்டியும் உள்ள வீட்டில் இதுதான் முதல் எதிரி.

மூன்றாவது, தரையைத் தோண்டுகிற அகழான். பெருச்சாளியின் தம்பி மாதிரி, குட்டையான வால், அகலமான முகம், மூலையில் மடக்கினால் உறுமிக்கொண்டு மேலே பாயும். வளை வாசலில் தோண்டிய மண்ணைக் குவியலாகத் தள்ளியிருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ரங்கூனில் 1960களிலும் 70களிலும் எலி பிடித்து ஆராய்ந்தபோது அதிகம் சிக்கியது இதுதான். நெல் சேர்த்து வைக்கும் பழக்கம் இதற்கு உண்டு, வயல் வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வளையை வெட்டி நெல் எடுத்த கதை சொல்வார்கள். கோழிக் கூண்டுக்கு அடியில் வளை போட்டிருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

நாலாவதாக மூஞ்சூறு ஒன்று இருக்கிறது, நீண்ட மூக்கு, கெட்ட வாடை, சுவரோரமாகக் கீச்சென்று ஓடும். அது எலி இனமே இல்லை. கரப்பானையும் புழுவையும் தின்கிற பிராணி, தானியத்துக்கு வராது. அதை விட்டுவிடலாம், ஆனால் புதிதாகப் பொரித்த குஞ்சுகளைத் தரையில் திறந்து வைத்திருந்தால் எந்தப் பிராணியையும் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டை நிறுத்துங்கள்

முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீனி தின்னும். வளர்ந்த எலி ஒன்று ஏறக்குறைய 25 கிராம். அதாவது நாலைந்து எலி இருந்தால் நீங்கள் காணாத கோழி ஒன்றுக்குத் தினமும் தீனி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் முட்டை போடாத கோழி, போடுகிற முட்டையைத் தூக்கிக்கொண்டும் போகிற கோழி. தின்பதைவிட மூத்திரமும் புழுக்கையும் போட்டுக் கெடுப்பது அதிகம்.

எனவே தீனியைக் காலையிலும் பிற்பகலிலும் அளந்து வையுங்கள், அரைமணி முக்கால்மணியில் தின்று முடிக்கிற அளவு. தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவது வசதிதான், எலிக்கும் அதே வசதி. இருட்டுவதற்கு முன் தீனித்தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். தரையில் வீசிப் போடுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, விளிம்பு உயர்ந்த தட்டில், கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் சிந்துவது பாதியாகக் குறையும். தண்ணீரையும் ராத்திரி எடுத்துவிடலாம், கோழி இருட்டில் குடிக்காது. முட்டையைச் சாயங்காலமே எடுத்துவிடுங்கள்.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். வீசைக் கணக்கில் வாங்கிய நொய்யையும் தவிட்டையும் சாக்கிலேயே வைத்தால் அது கதவில்லாத வீடு. மூடி இறுக்கமான தகர டின், பழைய எண்ணெய் டின், தகர டிரம், இவைதான் சரி. பிளாஸ்டிக் வாளியை எலி ஒரே வாரத்தில் விளிம்பிலிருந்து கரம்பிவிடும். டின்னைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, செங்கல் மேல் வையுங்கள், பின்னால் ஒளிய இடம் இருக்கக் கூடாது.

அடுக்களையில் கருவாடு, நாப்பி (புளித்த மீன், இறால் விழுது), தேங்காய், இவை மூன்றும் எலியை எட்டு வீட்டுக்கு அப்பாலிருந்து கூப்பிடும், மூடி இறுகிய ஜாடிக்குள் போக வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் வைத்த மீதிச் சோறு ராத்திரி முற்றத்தில் கிடக்கக் கூடாது. சாமிக்கு வைத்த பழமும் கொழுக்கட்டையும் அப்படித்தான், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், அவருடைய வாகனத்துக்குப் பகலிலேயே பங்கு போயிருக்கும்.

ரங்கூன் நடுவில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்குக் கோழி இருக்காது, ஆனால் கட்டடங்களுக்கு நடுவே போகும் பின்சந்து இருக்கும். ஜன்னலிலிருந்து அங்கே வீசுகிற குப்பைதான் அந்த வரிசை முழுவதற்கும் எலி வளர்க்கிறது. அங்கே தனி வீடு ஒன்று சுத்தமாக இருந்து பயனில்லை, வரிசையோடு பேசித்தான் ஆக வேண்டும்.

கூண்டை மாற்றுங்கள்

இதில்தான் கொஞ்சம் காசு போகும். ஆனால் ஒரு தடவை போகிற காசு.

புதிதாக வளர்க்கிறவர்கள் கடையில் அறுகோணக் கண் உள்ள கோழி வலையை வாங்கி வந்து அடித்துவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், எலி உள்ளே வராமல் தடுக்காது. ஓரங்குலக் கண்ணில் சுண்டெலியும் குட்டி எலியும் அப்படியே நடந்து போகும், பெரியது மெல்லிய கம்பியைக் கடித்து வழி செய்துகொள்ளும். வேண்டியது பற்றவைத்த சதுரக்கண் கம்பி வலை. அரை அங்குலக் கண் பெரிய எலியை நிறுத்தும், கால் அங்குலம் சுண்டெலியையும் நிறுத்தும். முழுக் கூண்டுக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது என்றால் தரை, அடியிலிருந்து இரண்டடி உயரம், கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி, இந்த மூன்றுக்கு மட்டும் போடுங்கள். மூங்கில் தட்டியைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே அடிக்கலாம். மூங்கில் மட்டும் இருந்தால் எலிக்கு அது ஒரு ராத்திரி வேலை.

கால் வைத்து உயர்த்திய கூண்டுதான் இந்த ஊர் மழைக்கும் நல்லது, எலியைத் தடுக்கவும் நல்லது, ஆனால் பலரும் ஒன்றரை அடி உயர்த்திவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நின்ற இடத்திலிருந்து எலி இரண்டரை அடி வரை எகிறும். மூன்றடியாவது வேண்டும். ஒவ்வொரு காலிலும் அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே தகரத்தைக் கூம்பாக, வாய் கீழ்நோக்கி, எல்லாப் பக்கமும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டுங்கள். நெல் பத்தாயத்துக் கால்களுக்குச் செய்கிற அதே வேலை, தகரக் கடையில் சொன்னால் வெட்டித் தருவார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, கோழி ஏறுவதற்குச் சாத்திய பலகையை ராத்திரியும் அப்படியே விட்டுவைத்தால் அத்தனையும் வீண். கோழி அடைந்ததும் பலகையை எடுத்துவிட வேண்டும். மேலே தொங்கும் மாங்கிளை, வேலியிலிருந்து சாய்ந்த கொடி, பக்கத்தில் அடுக்கிய விறகு, எல்லாம் கூண்டிலிருந்து நாலடி தள்ளி இருக்கட்டும்.

தரையோடு இருக்கும் கூண்டை உயர்த்த முடியாது என்றால் வலையைச் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக மடக்கி, ஓரடி அகலத்துக்குத் தரையில் விரித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். அகழான் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும், கம்பி தட்டியதும் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றாது. ஆழமாகக் குழி வெட்டிப் புதைப்பதைவிட இது சுலபம்.

வீட்டுக்குள் குழாய் நுழையும் ஓட்டை, கதவின் அடி இடுக்கு, கூரை விளிம்பு ஆகியவற்றைத் தேடுங்கள். துணியோ காகிதமோ வைத்து அடைக்கக் கூடாது, அது கூடு கட்ட நீங்களே கொடுக்கும் பஞ்சு. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள்.

பொறி

பொந்து அடைத்து, தீனி எடுத்து, பசி வந்த பிறகுதான் பொறி நன்றாக வேலை செய்யும். வயிறு நிறைந்த எலி உங்கள் வறுத்த தேங்காய்த் துண்டை ஏன் மதிக்கப் போகிறது?

சுண்டெலிக்குப் புதிய பொருள் என்றால் ஆவல், முதல் ராத்திரியே சிக்கும். பெரிய எலி அப்படியில்லை, புதிதாக எது வந்தாலும் சில நாள் தள்ளியே நிற்கும். அதனால் பொறியை விசை ஏற்றாமல், இரை மட்டும் வைத்து மூன்று நாலு நாள் விட்டுவிடுங்கள். இரை தினமும் காணாமல் போகிறதா, நல்லது, அப்புறம் ஒரே ராத்திரியில் எல்லாப் பொறிக்கும் விசை ஏற்றுங்கள். ஒரு பொறி வாங்கி ஒரு மாதம் வைப்பதைவிட ஆறேழு பொறி ஒரே ராத்திரி வைப்பது பலன் தரும், பார்த்துப் பழகிவிட்டால் மற்றவை வராது. சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் முனை சுவரைத் தொட வையுங்கள், எலி சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். கருவாட்டுத் துண்டு, வறுத்த நிலக்கடலை, நாப்பி தடவிய தேங்காய்ச் சில், எதுவானாலும் நூலால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடும்.

அடிக்கும் பொறியைக் கோழி நடக்கிற இடத்தில் திறந்து வைக்காதீர்கள், கோழியின் விரலும் அலகும் போய்விடும். இரு பக்கமும் திறந்த மரப்பெட்டி, உடைந்த பைப், சாய்த்த ஓடு, இதற்குள் வைக்கலாம். பசை அட்டை எனக்குப் பிடிக்காது. எலி உயிரோடு மணிக்கணக்கில் துடிக்கும், குஞ்சும் பல்லியும் அதிலேயே ஒட்டும். சத்தம் எழுப்பி எலியை விரட்டும் மின்கருவியை வாங்காதீர்கள், மின்சாரம் இருக்கும் நேரத்திலும் எலி அதற்குப் பழகிவிடும், மின்சாரம் எத்தனை மணிநேரம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பம் கொல்வது பாவம் என்று சொன்னால் வாதம் செய்ய வேண்டாம். அவர்கள் வழக்கத்தில் பிறந்த கிழமைக்கு ஒரு விலங்கு உண்டு, வியாழக்கிழமை பிறந்தவர்களுக்கு அது எலி, பகோடாவில் அந்தக் கிழமைக்குரிய மூலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறவரிடம் எலிப்பொறியை நீட்ட முடியாது. தீனியை மூடுவதிலும் குப்பையை அள்ளுவதிலும் அவர்கள் நம்மோடு சேர்ந்துகொள்வார்கள், பாதி வேலை அதுதான். கூண்டுப் பொறியில் உயிரோடு பிடித்து அடுத்த தெருவில் விடுகிறவர்களிடம் மட்டும் பணிவாகச் சொல்லலாம், அது அடுத்த தெருக்காரருக்குச் செய்கிற காரியம் என்று.

பூனை வளர்க்கலாமா? சுண்டெலிக்கும் குட்டி எலிக்கும் பூனை உதவும். வளர்ந்த அகழானைப் பார்த்தால் பெரும்பாலான பூனை ஒதுங்கிப் போகும், கோழிக்குஞ்சைப் பார்த்தால் ஒதுங்காது.

மருந்து பற்றி, வேண்டாம் என்று சொல்லத்தான்

சந்தையில் பொட்டலமாக விற்கும் கறுப்புத் தூள் பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்லும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. சோற்றில் கலந்து வைத்தால் முதலில் கொத்துவது உங்கள் கோழியாகத்தான் இருக்கும், அல்லது நினைக்கவே வேண்டாம், தவழும் பிள்ளை. பெயர் ஒட்டாத பொட்டலத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நெல் கிடங்குக்குப் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய வளையில் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்த வாயு பலகைத் தரை வழியாகத் தூங்குகிறவர் மூக்குக்கு வரும்.

ரத்தம் உறையவிடாமல் செய்து சில நாளில் கொல்லும் கட்டி மருந்துகள் வேறு வகை. புரோமடியலோன், புரோடிஃபாக்கூம் என்று உறையில் இருக்கும். இவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருக்கிறது, ஆனால் மருந்து தின்ற எலி தள்ளாடிக்கொண்டு வெளியே வரும், அதைப் பிடித்துத் தின்கிற பூனையும் ஆந்தையும் சாகும். கோழியும் செத்த எலியைக் கொத்தும். கோழி மருந்தைத் தின்றிருந்தால் அதன் முட்டையிலும் மருந்து இறங்கும், அந்த முட்டையைச் சாப்பிடவோ விற்கவோ கூடாது. வேறு வழியே இல்லை என்றால் பூட்டக்கூடிய பெட்டிக்குள், கோழி போகாத பக்கம் மட்டும் வைத்து, செத்ததைத் தினமும் தேடி எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.

எலிக்குப் பின்னால் வருவது

எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். இந்த நாட்டில் பாம்புக்கடியில் பெரிய பங்கு கண்ணாடி விரியனுடையது, அது வயலில் எலியைத் தேடித் திரிகிற பாம்பு. கூண்டுக்கு அடியில் அகழான் வளை, பக்கத்தில் உமிக் குவியல், விறகு அடுக்கு, இதற்குள் விரியன் சுருண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. எனவே வளையில் கையை விடாதீர்கள், முட்டை எடுக்கப் போகும்போது டார்ச் வேண்டும், செருப்பைவிட பூட்ஸ் நல்லது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தாமதம் ஆகாது. இந்த நாட்டிலேயே விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள்.

எலி மூத்திரத்தால் வரும் எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் அதிகம். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்து கூண்டு கழுவுகிறவருக்குக் கால் வெடிப்பு வழியாகவே ஏறும். கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் எலி இருக்கும் வீடு என்று சொல்லிவிடுங்கள், அது தெரிந்தால் அவர் யோசிக்கும் திசை மாறும்.

புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்கினால் தூசி மூக்கில் போகும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து தெளித்து, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, ஈரத் துணியால் அள்ளுங்கள். கோழிகளை வெளியே விட்டுவிட்டுச் செய்ய வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப விடலாம். செத்த எலியைக் கையுறை போட்டோ பிளாஸ்டிக் பையைக் கைக்கு மாட்டியோ எடுங்கள். யாரும் மருந்து வைக்காமலேயே வட்டாரத்தில் எலிகள் வரிசையாகச் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், செத்த எலியை விட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கொண்டுவரும். 1905இல் ரங்கூனுக்குள் நுழைந்த பிளேக் பல வருடம் இங்கே ஆட்களைக் கொன்றது. அந்த நிலையில் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

எப்போது செய்ய வேண்டும்

வருஷத்தில் இரண்டு தடவை எலி வீட்டைத் தேடி வரும். மே நடுவில் மழை பிடித்து வயல் வளைகளில் தண்ணீர் ஏறும்போது ஒன்று, நவம்பர் டிசம்பரில் அறுப்பு முடிந்து வயல் காலியாகும்போது இன்னொன்று. ஏப்ரலில் வரும் தண்ணீர்த் திருவிழா விடுமுறையிலேயே கூண்டுக் கால், தகரக் கூம்பு, வலை ஓரம் எல்லாம் பார்த்துவிட்டால் முதல் கூட்டத்துக்குத் தயாராக இருக்கலாம். அறுப்புக்கு முன் பொறிகளைக் கழுவிக் காயவைத்து, தெருவில் நாலு வீட்டோடு பேசி ஒரே வாரத்தில் எல்லாரும் வைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், தனியாக வைத்தால் உங்கள் பொறிக்குத் தப்பியது அடுத்த வீட்டில் குட்டி போட்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். இரண்டு வாரம் தொடர்ந்து சாம்பலில் தடம் விழவில்லை என்றால் பொறிகளை எடுத்துவிடலாம், தீனி டின்னுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு எப்போதும் இருக்கட்டும்.